துக்கத்தின்மேல் துக்கம் வரும்போது சந்தோஷம் எங்கிருந்து வரும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளைக் கேட்டது யார்?

பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு புதன்கிழமை என்னைப் பேசச் சொன்னார்கள். என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, நான்கு வருடமாக டயாலிசிஸ் நடக்கிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அப்படியிருந்தும் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறதே, அதைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். பேசி முடித்ததும் சீட்டில் எழுதிக் கொடுத்தவர்கள் பலர். மிச்சப் பேர் கோயில் வாசலிலும் போனிலும் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். நான் போதகர் இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள்.

கஷ்டத்தில் கிடப்பவரிடம் போய் "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று வசனம் சொல்வது கொடுமை இல்லையா?

கொடுமைதான். எனக்கே அப்படிச் சொன்னார்கள். என் வீட்டுக்காரருக்கு முதல் டயாலிசிஸ் நடந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, தெரிந்தவர் ஒருவர் அந்த வசனத்தைச் சொல்லி, தோளில் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு வசனத்தின்மேலேயே கோபம் வந்தது. அது இருக்கும் பிலிப்பியர் நிருபத்தை, அதாவது வேதத்தில் பவுல் அப்போஸ்தலர் எழுதிய கடிதத்தை, பல மாதம் திறக்கவே இல்லை.

திறந்து படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. தமிழில் "இருங்கள்" என்றால் ஒருவரை மரியாதையாகச் சொல்வதாகவும் இருக்கலாம், பலரைச் சேர்த்துச் சொல்வதாகவும் இருக்கலாம். அதனால் நாம் தனியாளுக்கு வந்த கட்டளைபோல அதைப் படித்துவிடுகிறோம். பவுல் எழுதிய கிரேக்க மொழியில் மரியாதைப் பன்மை கிடையாது. அந்த வினை பலரைப் பார்த்துச் சொன்ன பன்மை ஏவல். பிலிப்பி என்ற ஊரில் இருந்த சபை மொத்தத்துக்கும் எழுதியது. "நீங்கள் எல்லோரும் சேர்ந்து சந்தோஷமாயிருங்கள்" என்றுதான் நான் இப்போது அதைப் படிக்கிறேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ஒருமை, பன்மை, மரியாதைப் பன்மை என்று இலக்கணம் நடத்தியவள், சொந்த வாழ்க்கையில் இதைக் கவனிக்க இவ்வளவு நாள் ஆயிற்று.

ஆக, நோயாளிப் படுக்கைக்குப் பக்கத்தில் அந்த வசனத்தைச் சொல்ல நினைப்பவர், சொன்ன கையோடு அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். அந்தச் "சேர்ந்து" என்பதில் அவரும் இருக்கிறார். உட்கார நேரமில்லை என்றால் வசனத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

பவுல் பெரிய அப்போஸ்தலர். அவருக்கும் நமக்கும் எப்படிப் பொருந்தும்?

அந்த நிருபத்தை ஒரே உட்காரலில் படித்துப் பாருங்கள். நாலே அதிகாரம், 104 வசனம். அரை மணி நேரம்கூட ஆகாது. சந்தோஷம், மகிழ்ச்சி என்ற சொற்கள் அதில் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வருகின்றன. எழுதியவர் இருந்தது சிறையில். ரோமாபுரியில் என்பது பழைய மரபு. எபேசு என்றும் செசரியா என்றும் சொல்கிற அறிஞர்கள் உண்டு.

அந்தக் காலச் சிறையில் கைதிக்கு வேளாவேளைக்கு நல்ல சோறு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சாப்பாடு, துணி, காசு எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் வெளியில் இருக்கும் சொந்தக்காரரையும் சிநேகிதரையும்தான் நம்பி இருக்க வேண்டும். பிலிப்பி சபையார் பணம் சேர்த்து எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வந்த இடத்தில் அவர் நோயில் விழுந்து, சாகக் கிடந்து பிழைத்தார். அவரைத் திருப்பி அனுப்பும்போது கையில் கொடுத்துவிட்ட கடிதம்தான் இந்த நிருபம். ஒருவிதத்தில் பொட்டலம் கொண்டு வந்தவர் கையில் கொடுத்த நன்றிக் கடிதம்.

அதில் என்னை நிறுத்திவைத்த இடம் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. எப்பாப்பிரோதீத்து பிழைத்ததைப் பற்றி எழுதும்போது, "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு" தேவன் எனக்கும் இரங்கினார் என்கிறார் பவுல். சந்தோஷத்தைப் பற்றி இத்தனை தடவை எழுதிய மனிதர், தனக்கு ஏற்கெனவே துக்கம் இருந்தது, சிநேகிதன் செத்திருந்தால் இன்னொன்று அதன்மேல் ஏறியிருக்கும் என்று ஒளிக்காமல் சொல்கிறார். இன்னொரு விஷயம். தான் வியாதிப்பட்டது ஊரில் தெரிந்துவிட்டதே என்று எப்பாப்பிரோதீத்து வியாகுலப்பட்டாராம். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். "டயாலிசிஸ் பண்றேன்னு எல்லார்ட்டயும் சொல்லாத" என்பது என் வீட்டுக்காரர் எனக்குப் போட்ட முதல் கட்டளை. ஆறு மாதம் அதற்குக் கீழ்ப்படிந்து தனியாக அல்லாடினேன். சொல்லத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்குள் மனிதர்கள் வந்தார்கள்.

அன்றாடச் சந்தோஷம் என்று எதைச் சொல்கிறீர்கள்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஓர் அறுவை செய்வார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே இரத்தம் ஓடும் அதிர்வு, பூனையின் கழுத்தில் கை வைத்ததுபோல, விர்ரென்று தெரியும். அதிர்வு இருந்தால் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தினமும் பார்க்கச் சொன்னார்கள். காலையில் கண் விழித்ததும் நான் அவர் கையில் விரல் வைப்பேன். விர்ரென்று கேட்டதும் "ஸ்தோத்திரம்" என்பேன். "ஓடுதா?" என்பார். "ஓடுது" என்பேன். அதுதான் எங்கள் முதல் ஜெபம். முப்பத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் காலை எழுந்ததும் அவர் கையைப் பிடிக்கும் பழக்கம் எனக்கு இருந்ததே இல்லை. இப்போது ஒரு நாளும் தவறுவதில்லை.

அப்புறம் தண்ணீர். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அது சாதாரண விஷயம் இல்லை. எதிர்வீட்டு டெய்லர் அக்கா, சின்னச் சின்னக் கட்டியாக ஐஸ் வைத்து, ஒரு கட்டியை வாயில் அடக்கிக்கொண்டால் தாகம் கொஞ்ச நேரம் தாங்கும் என்று யாரிடமோ கேட்டு வந்து சொன்னார். இப்போது மதியம் மூன்று மணிக்கு அவருக்கு ஒரு ஐஸ் கட்டி. பேரப்பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கும் ஒவ்வொன்று. யார் வாயில் கடைசிவரை கரையாமல் இருக்கிறது என்று போட்டி. தாத்தாதான் ஜெயிப்பார், அவருக்குத்தான் அவசரமே இல்லையே!

செவ்வாய், வியாழன், சனி விடியற்காலை ஐந்து மணிக்கு ஆட்டோ. அது தெருமுனை திரும்பும்வரை பக்கத்து வீட்டு மைனி வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நிற்பார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான்கு வருடத்தில் அந்த விளக்கு எரியாத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஜெபித்தும் குணமாகவில்லை. விசுவாசம் போதவில்லை என்கிறார்களே?

இந்தப் பேச்சு எத்தனை வீட்டில் நெருப்பு வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை. பவுல் தன் மாம்சத்தில் இருந்த ஒரு முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா?

எங்களிடம் ஒருவர், நீங்கள் டயாலிசிஸை நிறுத்திவிட்டு விசுவாசத்தோடு இருந்தால் அற்புதம் நடக்கும் என்றார். வீட்டுக்காரர் ஒரு நாள் முழுவதும் அதையே யோசித்துக்கொண்டு இருந்தார். நான் பயந்து போனேன். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாத ஒருவருக்கு டயாலிசிஸை நிறுத்தினால் உடம்பில் நீரும் நஞ்சும் சேர்ந்து, பெரும்பாலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ உயிர் போய்விடும். இதைப் படிக்கிற ஒருவரும் யார் பேச்சைக் கேட்டும் மருந்தையோ சிகிச்சையையோ நிறுத்தாதீர்கள். இதே பவுல்தான் தன்னோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர்.

நான் என்ன ஜெபிக்கிறேன் என்று கேட்டால், குணமாக்கும் ஆண்டவரே என்று இன்றைக்கும் கேட்கிறேன். கூடவே, இன்றைக்கு ஊசி போடும் தங்கச்சியின் கை நிதானமாக இருக்கட்டும் என்றும் கேட்கிறேன்.

உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். நம் ஊரில் "எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவோம். கேட்பவரும் "ஜெபிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இரண்டு பேருக்கும் அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாது.

தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவனிடத்தில் வைத்துவிட்டு வந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, புஸ்தகங்களையும் கொண்டு வா, குளிர்காலத்துக்கு முன்னே வந்து சேர் என்கிறது. எந்தப் பொருள், யார் வீட்டில் இருக்கிறது, எப்போதைக்குள் வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. இப்படிக் கேட்டால் எதிரே இருப்பவருக்குச் செய்வது எளிது.

நான் முதன்முதலாக அப்படிக் கேட்டது டெய்லர் அக்காவிடம். "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு கேஸ் சிலிண்டர் வரும், நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன், வாங்கி வைப்பீங்களா அக்கா?" அவ்வளவுதான். அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. "எத்தனை நாளா என்ன செய்யன்னு தெரியாம இருந்தேன் தெரியுமா?" என்றார்.

ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். சிலிண்டர் ஒருவர், மருந்துக்கடை ஒருவர், பேச்சுத்துணைக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் சலிப்பு வராது.

என் சிநேகிதி வீட்டில் நோய். போய்ப் பார்த்தால் என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

பேசாமல் இருங்கள். வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

கையில் என்ன கொண்டு போவது என்பதை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். சிறுநீரக நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பாசத்தோடு இளநீரும் வாழைப்பழமும் வாங்கி வருவார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். டயாலிசிஸ் நோயாளியின் இதயத்துக்கே ஆபத்தாக முடியலாம். சபையில் பாட்டுக்குழுவில் என்னோடு பாடும் ஓர் அக்கா, எங்கள் ஆஸ்பத்திரி உணவியல் நிபுணரிடம் என்கூட வந்து உட்கார்ந்து குறிப்பெடுத்தார். காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும் என்று தெரிந்துகொண்டு, உப்புக் குறைத்து ஒரு பொரியல் செய்து கொண்டு வந்தார். ருசி சுமார்தான். என் வீட்டுக்காரர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

நம் விசுவாசத்தில் இல்லாத தோழிகளோடு இதையெல்லாம் பகிர்ந்துகொள்ளலாமா?

வாசல் விளக்கைப் போட்டு நிற்கும் மைனி நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவர். டெய்லர் அக்கா ஐந்து வேளை தொழுகிறவர். ரமலானில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பும்போது, எனக்குத் தனித் தூக்கு, என் வீட்டுக்காரருக்கு உப்புப் போடாமல் தனியாக ஒரு சின்னக் கிண்ணம். இதற்குமேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நெருங்கிய தோழியோடு பேச்சு நின்றுவிட்டது. கஷ்டத்தில் அவள்தான் நினைவுக்கு வருகிறாள்.

பிலிப்பி சபையிலும் இது நடந்தது. எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். சுவிசேஷ வேலையில் பவுலோடு சேர்ந்து உழைத்தவர்கள். இருவருக்கும் ஏதோ மனத்தாங்கல். என்ன சண்டை என்று பவுல் எழுதவில்லை, யார் பக்கம் தப்பு என்றும் எழுதவில்லை. ஒரே சிந்தையாயிருக்கும்படி இருவருக்கும் புத்திசொல்லிவிட்டு, இவர்களுக்கு உதவி செய் என்று மூன்றாவது ஆள் ஒருவரைக் கேட்டுக்கொள்கிறார். சந்தோஷமாயிருங்கள் என்ற வசனம் அதற்கு அடுத்த வசனம்!

எனக்கும் ஒரு கல்லூரித் தோழியோடு பதினோரு வருடம் பேச்சில்லை. காரணம் ஒரு நிலத்துப் பேச்சு, சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பாட்டுக்குழு அக்காதான் அவளிடம் போய்ச் சேதி சொன்னார். அவள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். வந்ததும் பழைய கதை எதையும் தொடவில்லை. "ஏட்டி, நரைச்சுப் போனியே" என்றாள். நான்கு மணி நேரம் போனதே தெரியவில்லை. இருவருமே அந்த நிலத்தைப் பற்றி இன்றுவரை பேசவில்லை. பேசாமலே போகட்டும் என்றுதான் நினைக்கிறேன். எல்லாவற்றையும் பேசித் தீர்த்தால்தான் ஒப்புரவு என்று நான் நம்பவில்லை. மூன்றாவது ஆளைத் தேடுங்கள், அதுதான் என் யோசனை.

எனக்கு ஒருவருமே இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டை விட்டு வெளியே போகவும் முடியாது.

உங்களுக்கு எழுதும்போது எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஏனென்றால் எனக்கு ஆட்கள் இருந்தார்கள்.

களக்காடு பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் இருந்தார். 1895-ல் இந்தியா வந்தவர். கோயில்களுக்கு விடப்பட்ட பெண் பிள்ளைகளையும் கைவிடப்பட்ட பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தவர். 1931-ல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே இருந்தார். அந்த அறையிலிருந்து கடிதமும் புத்தகமுமாக எழுதிக்கொண்டே இருந்தார். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றார். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். நான் போய்ப் பார்த்து நின்றிருக்கிறேன்.

அவரைப்போல எல்லோராலும் முடியாது. ஆனால் அறைக்குள் இருப்பவரும் ஒருவருக்குத் தோழியாக இருக்கலாம் என்று அவரிடம் கற்றுக்கொண்டேன். உங்களைப்போல வீட்டோடு இருக்கும் இன்னொருவர் உங்கள் சபையிலோ தெருவிலோ நிச்சயம் இருப்பார். சபைச் செயலரிடமோ உபதேசியாரிடமோ கேட்டு எண்ணை வாங்கி, தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் பேசுங்கள். நேரம் மாறக்கூடாது என்பது முக்கியம். அந்த மணி வரும் என்று இரண்டு பேரும் காத்திருப்பார்கள்.

எதிலும் மனம் ஒட்டவில்லை. வேதம் எடுத்தாலும் அழுகைதான். தூக்கம் இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் டாக்டரிடம் போங்கள். இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் இப்போதே சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மனாஸ் சேவை எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். இரண்டாம் வருடத்தில் நானே மாத்திரை சாப்பிட்டேன். எட்டு மாதம். விசுவாசமும் மாத்திரையும் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை.

பணமே பெரிய கவலையாக இருக்கும்போது சந்தோஷத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

முதலில் பணத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். ரேஷன் கார்டையும் வருமானச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் காப்பீட்டு அட்டைப் பிரிவில் கேளுங்கள். இதில் அலைச்சல் அதிகம். கூட வருவதற்கு ஒரு தோழி இருந்தால், க்யூவில் நிற்கிற நேரமாவது நன்றாகப் போகும்.

உங்கள் வீட்டுக்காரர் இப்போது எப்படி இருக்கிறார்?

நேற்று சனிக்கிழமை. டயாலிசிஸ் முடிந்து வந்ததும் வழக்கம்போலச் சோர்ந்து படுத்தார். சாயங்காலம் எழுந்து, அடுத்த வாரம் அசனப் பண்டிகையாமே என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் சபையார் எல்லோரும் கோயில் வளாகத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்போடு சாப்பிடும் நாள் அது. அவரால் அந்தக் குழம்பைச் சாப்பிட முடியாது. "பந்தியில் பரிமாற ஆள் வேணும்ல? உட்கார்ந்துகிட்டே இலை எடுத்துக் கொடுப்பேன்" என்றார். பாட்டுக்குழு அக்காவுக்குப் போன் போட்டு, இலைக்கட்டுக்குப் பக்கத்தில் கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்று போட்டு வைக்கச் சொன்னேன். "வெயில் படாத இடமாப் பார்த்துப் போடுதேன், ஏழு மணிக்கே கூட்டிட்டு வா" என்றார்.